வழக்கு மூலம் எழுந்த நாள்

எல்லாம் தட்டச்சாகிவிட்டது, பத்தி ஏழு தவிர.
வாதி: பிரகாசி, கணவர் பெயர் லிகோரி,
மூக்கையூர், கடலாடி வட்டம்.
பிரதிவாதி: ஊராட்சி.
"வழக்கு மூலம் எழுந்த நாள்" என்ற இடத்தில்
கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது,
பார் கிடைக்காமல் இழுபடும் நங்கூரம் மாதிரி.

"என்னைக்கு நடந்துச்சுக்கா?"
"என்ன நடந்துச்சு?"
"மெஷினைத் தூக்கினாங்களா, நோட்டீஸ் ஏதாவது..."
"ஒண்ணும் நடக்கல வக்கீலம்மா.
அதான் தூக்கம் வரல."

ஐஸ் அரைக்கிற மெஷின், மகளிர் குழுக் கடன்,
நாட்டுப்படகு கரை சேரும் விடியக்கருக்கலில்
பெட்டிக்கு இருபது ரூபாய்.
ஊராட்சிச் செயலர் ஒருநாள் வந்தார்.
டீ குடித்தார். மெஷினை ஒரு சுற்று சுற்றினார்.
"இதுக்கு லைசென்ஸ் வேணுமே."
"எந்தச் சட்டத்துல சார்?"
"இருக்கும்."
அவர் போய்விட்டார்.
அந்த "இருக்கும்" போகவில்லை.

லைசென்ஸ் கேட்டு மனுவும் கொடுத்தாள்.
ஐஸ் அரைப்பது பட்டியலிலேயே இல்லையாம்,
அதனால் லைசென்ஸ் தர முடியாதாம்.
லைசென்ஸ் இல்லாததால்
ஓட்டவும் கூடாதாம்.
இரண்டையும் வாயால்தான் சொன்னார்கள்.
காகிதத்தில் ஒரு வரி இல்லை.

என் சீனியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"ஜப்தி பண்ணட்டும். கேஸ் போடட்டும்.
அப்புறம் வாதாடுவோம்."
பிரகாசி நாற்காலியில் உட்காரவே இல்லை.
"மணலுக்குள்ள திருக்கை கிடக்கா இல்லையான்னு
மிதிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
என்னிடம் சொன்னார்:
"விளம்புகை கேட்டு எழுது.
ஆனா அதை மட்டும் கேட்காதே,
தடை உத்தரவும் சேர்த்துக் கேள்.
வெறும் சொல்லுக்காக வந்தவங்களைப்
பிரிவு முப்பத்து நாலு
வாசலோட அனுப்பிடும்."

பத்தி ஏழில் கடைசியில் இப்படி எழுதினேன்:
மேற்படி செயலர் மேற்படி சொல்லைச் சொன்ன நாளிலும்
அதன்பின் தொடர்ந்து ஒவ்வொரு நாளும்,
மூக்கையூரில்.

முதுகுளத்தூர் கோர்ட். ஜன்னலுக்கு வெளியே கருவேலம்.
கடல் இங்கே யார் சட்டையிலும் இல்லை,
பிரகாசி வைத்திருந்த கட்டைப்பையில் மட்டும் கொஞ்சம்.
முன்சீப் ஏழாம் பத்தியை இரண்டு முறை வாசித்தார்.
"நாளைக்கு மழை வருமான்னு கேட்டு
வழக்குப் போட முடியாதம்மா.
கோர்ட்டு ஜோசியம் பார்க்காது.
யாருக்கு யாரோட என்ன தகராறு?
அதைச் சொல்லுங்க."
தொண்டையில் உப்பு.
மனப்பாடம் செய்த தீர்ப்புகளெல்லாம்
தண்ணீரில் போட்ட கட்டி மாதிரி...

ஊராட்சி வக்கீல் எழுந்தார்.
"தகராறே இல்லை. தள்ளுபடி செய்யணும்."
அதோடு உட்கார்ந்திருக்கலாம்.
பாதி குனிந்தவர் மறுபடி நிமிர்ந்தார்:
"லைசென்ஸ் கட்டாயம் வேணும்,
இல்லாம ஓட்டினா
என்னைக்கு வேணும்னாலும் எடுப்போம்,
அது வேற விஷயம்."

பேனா நின்றது.
காற்றாடி மட்டும் சுற்றியது.
"திரும்பச் சொல்லுங்க."
அவர் சொல்லவில்லை.
"பரவாயில்ல. நான் எழுதிக்கிட்டேன்."

வழக்கு நிற்கும் என்றார்கள்.
லைசென்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பது விசாரணையில்.
இடைக்காலத் தடைக்குப் பதிலுரை பதினான்காம் தேதி.

படியில் இறங்கும்போது கேட்டாள்:
"ஜெயிச்சாச்சா?"
"இல்லக்கா. கேள்வி கேக்கலாம்னு சொல்லிருக்காங்க."
"கேக்குறதுக்கே இம்புட்டா!"
சாயல்குடி பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.
டிக்கெட் காசை என்னிடம் வாங்க மறுத்தாள்.

மூன்று மணிக்கு போன் அடித்தது.
"நெத்திலி ஏகமா வந்து கிடக்கு வக்கீலம்மா.
இன்னைக்கு ஓட்டலாமா, கூடாதா?"

பதினான்காம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.
நான் எழுந்து விளக்கைப் போட்டு,
சட்டப் புத்தகம் இருக்கும் பக்கம் திரும்புவதற்குள்
அந்தப் பக்கம்
ஐஸ் நொறுங்கத் தொடங்கிவிட்டது.